அரக்கு நிறச் சுவர்

நிறங்களைப் பற்றிப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காயத்தோல், எம்.எஸ். நீலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். கல்யாணப் புடவை என்றால் அடர்ந்த நிறம்தான். அதே பெண்கள் வாழும் வீட்டில் சுவர்கள் மட்டும் க்ரீம், ஐவரி, இளஞ்சந்தனம் என்று வெளிறிக் கிடக்கும். பெண்ணின் உடம்பில் எந்த நிறமும் ஏறலாம், சுவரில் ஏறக் கூடாது. ஏனென்றால் சுவர் சொத்து.

பதினைந்து வயது மகள் தன் அறைக்கு அரக்கு நிறம் கேட்டபோதுதான் இது எனக்கு உறைத்தது.

“கட்டிக்குடுத்தா போகப்போற பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுச் செலவு? அது போனப்புறம் அந்த ரூம்புல வேற யாராவது இருக்கணும்ல?” என்றார் அத்தை. “நாளைக்கு வாடகைக்கு விடணும்னாக்கூட டார்க் கலருன்னா யோசிப்பாங்க” என்றார் என் கணவர். “அரக்கு அடிச்சுட்டா அதுமேல லைட் கலர் ஏத்துறது கஷ்டம் சார்” என்றார் பெயிண்டர். கேட்டது மகள், அவர் பதில் சொன்னது அப்பாவுக்கு. மூன்று பேரும் அவள் இல்லாத ஒரு வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளோ எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் பிளஸ் ஒன் படிக்கும்போது கருநீலம் கேட்டான். ஒரே வாரத்தில் அடித்தாயிற்று. அவன் வேலைக்காக பெங்களூரு போய் மூன்று வருடமாகிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். அந்தச் சுவரின் நிறத்தை யாரும் மாற்றவில்லை. இன்றும் அது ‘அவன் ரூம்’தான். போய்விட்டவனுக்கு அறை இருக்கிறது. இருப்பவள் மட்டும் போகப்போகிறவள்.

பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929 பிப்ரவரியில். எழுத நினைக்கும் பெண்ணுக்குச் சொந்தமாகப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ஃபின் புத்தகம் வந்ததும் அதே வருடம்தான். தமிழ்நாட்டில் 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தார்கள். அதற்கு முன்பே திருமணமான மகள்களை அந்தத் திருத்தம் சேர்க்கவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தக் கோடும் அழிந்தது.

இருந்தும் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்துவிட்டு வரும் பெண்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். “எனக்கு எதுக்கு, எனக்குத்தான் சீர் செஞ்சாச்சே” என்பார்கள். அந்தக் கையெழுத்துக்கான பயிற்சி பத்திரப்பதிவு அலுவலகத்தில் தொடங்குவதில்லை. பதினைந்து வயதில், ‘நீ போகப்போறவதானே’ என்று ஒரு சுவரை மறுக்கும்போது தொடங்குகிறது.

மகள் அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. சின்ன டப்பா ஒன்று வாங்கி, சார்ட் அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நான்கு சுவர்களிலும் ஒட்டிவைத்து மூன்று நாள் பார்த்தாள். ஜன்னல் இருக்கும் சுவரில் வெளிச்சம் விழுவதில்லை, அங்கே அரக்கு பகலிலும் கறுத்துத் தெரிந்தது. எதிர்ச்சுவரில் காலையில் செங்கல்போல் சிவந்து, இரவில் டியூப்லைட்டில் பழுப்பாக மாறியது. ஆகவே மூன்று சுவர் அரக்கு, ஜன்னல் சுவரும் கூரையும் வெள்ளை என்று முடிவு செய்தாள். அடியில் வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிற பிரைமர் அடித்தால் அடர்நிறத்துக்குக் கோட் குறையும் என்று கண்டுபிடித்தாள். பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு பெயிண்டுகளில் ஈயம் சேர்ப்பது ஒரு காலத்தில் வழக்கம். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016இல் விதி வந்தது. டப்பாவில் அதைப் படித்துப் பார்த்து வாங்கச் சொன்னதும் அவள்தான். திரும்ப வெளிர்நிறம் ஆக்க வேண்டுமென்றால் ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட், கூலி இவ்வளவு என்று தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள். அவர் வாசித்துவிட்டு, “சரி, அடிச்சுக்க” என்றார்.

பெயிண்ட் செலவை என் சம்பளத்தில் கொடுத்தேன். அத்தையிடம் ஒன்று மட்டும் சொன்னேன். “அவ எங்க போனாலும் அது அவ ரூம்தான் அத்தை. உங்க பேரன் ரூம் மாதிரி.”

அத்தை பதில் சொல்லவில்லை. வாழ வந்து ஐம்பது வருடம் ஆகியும் இந்த வீட்டில் அவருக்கென்று ஓர் அறை கிடையாது. ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், க்ரீம் நிறச் சுவரை ஒட்டி அவர் கட்டில் கிடக்கிறது. அடுத்து நாங்கள் பேச வேண்டியது அதைத்தான்.