உடைந்த துண்டை எறிந்துவிடாதீர்கள்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 27

ஒண்டிக்கடைக்கு அருகே ஏரியில் மிதிபடகு ஓட்டிப் பழகிய நமக்கு, கடலில் செல்லும் படகு என்றதும் அதன் பாயே நினைவுக்கு வருகிறது. பாய் வேகத்தைத் தருகிறது. திசையைத் தருவது சுக்கான். மாலுமியின் கையைச் சுக்கானோடு இணைக்கும் உறுப்புகளோ பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

நடுத்தரப் பாய்மரப் படகுகள் பலவற்றில் ஸ்டியரிங் சக்கரம் ஒரு சிறு தூணின்மேல் நிற்கும். தூணுக்குள் தண்டும் பல்சக்கரமும் சங்கிலியும் உண்டு. சங்கிலியோடு இணைந்த கம்பிவடங்கள் தளத்தின் கீழே கப்பிகளைச் சுற்றிச் சென்று சுக்கானைத் திருப்புகின்றன. ஒரு கப்பியின் ஊசி தேய்ந்து அறுந்தால் போதும். சக்கரம் சுழலும், படகு கீழ்ப்படியாது. அப்போதும் பாய் விரிந்தே இருக்கும். தூரத்திலிருந்து காண்பவருக்குப் படகு கம்பீரமாகவே தோன்றும்.

படகு பழையதானால் அந்த உறுப்பு கடையில் கிடைப்பது அரிது, செய்துதான் ஆகவேண்டும். பட்டறைக்காரர் முதலில் கேட்பது உடைந்த துண்டையே. தேயாத பகுதியில் பழைய அளவு இருக்கிறது. உடைந்த விளிம்பில் காரணம் இருக்கிறது: அரிப்பா, தேய்மானமா, தாங்கமுடியாத பாரமா? காரணம் அறியாமல் செய்த புதியதும் அவ்வாறே உடையும். உலோகத்தையும் அவர் பார்ப்பார். பித்தளை வெண்கலத்தைப்போல மின்னும்; ஆனால் உப்புநீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்லத் தின்றுவிடும்.

சேர்வராயன் மலைத் தோட்டங்களிலும் இதுவே வழக்கம். பழைய காப்பி பல்ப்பரின் தேய்ந்த புஷ்ஷைத் துணியில் சுற்றிக்கொண்டு சேலத்து லேத் பட்டறைக்குச் செல்கிறவர்களைப் பேருந்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

நடுக்கடலில் பட்டறை ஏது? இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 2018இல் கோல்டன் குளோப் போட்டியில் தனியே உலகைச் சுற்றுகையில், இந்தியப் பெருங்கடலின் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து, மூன்று நாட்களுக்குப்பின் மீட்கப்பட்டார். கடற்படையிலிருந்து ஓய்வுபெற்றபின், 2022 செப்டம்பர் 4 அன்று அதே போட்டிக்கு மறுபடியும் புறப்பட்டார். தனியே செல்பவர் உறங்கும்போது படகைச் செலுத்துவது காற்றால் இயங்கும் தானியங்கித் திசைக்கருவி. அது உடைந்தபோது, வெளியுதவி பெற விதி இடங்கொடாத நிலையில், கழிவறைக் கதவை அறுத்து அதற்கு உறுப்பு செய்தார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரைசேர்ந்தார்.

‘தாரிணி’ படகில் 2017 செப்டம்பர் 10 அன்று கோவாவிலிருந்து புறப்பட்ட ஆறு பெண் கடற்படை அதிகாரிகள் வேறு வழியை எடுத்தார்கள். திரும்பும் வழியில் ஸ்டியரிங் பழுதானபோது, திட்டத்தில் இல்லாத மொரீஷியஸ் துறைமுகத்தில் ஒதுங்கிப் பழுதுபார்த்து, 2018 மே 21 அன்று கோவா சேர்ந்தார்கள். அந்தத் துறைமுகத்தில் ஒதுங்கியதால் அவர்களுடைய பயணம் குறைவுபடவில்லை.

இன்றைய தியானப் பகுதியிலும் சுக்கான் வருகிறது. பவுல் பயணித்த கப்பலில் விடியற்காலையில் மாலுமிகள் சுக்கான்களின் கட்டுகளை அவிழ்த்து, முன்பாயை விரித்து, கரையை நோக்கி ஓடினார்கள். கப்பல் உடைந்தது, அதிலிருந்த 276 பேரும் தப்பினார்கள்.

பிரியமானவர்களே, என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர், உடைந்ததை வீட்டிலேயே ஒளித்துவைத்துவிட்டுப் புதியதைக் கேட்கிறார்கள். கணவனும் மனைவியும் பேசாமற்போன நாள் எது? மகன் வீட்டுக்கு வராமல் நின்றது எந்த வார்த்தையால்? அதைச் சொல்ல நாவு எழுவதில்லை. அந்த வார்த்தை வெளியே வராதவரை, நான் தரும் ஆலோசனை அளவெடுக்காமல் செய்த உறுப்பாகவே இருக்கும்.

உங்கள் வீட்டில் சக்கரம் சுழன்றும் ஒன்றும் திரும்பவில்லையா? பாயை இன்னும் இறுக்கிக் கட்டாதீர்கள். உடைந்த துண்டைத் தேடி எடுங்கள். வீட்டில் இருப்பதைக்கொண்டே சரிசெய்ய முடியுமானால் இவ்வாரமே தொடங்குங்கள். முடியாவிட்டால், நம்பத்தக்க ஒருவரிடம் அதை மறைக்காமல் கொண்டுபோங்கள். வழியில் ஒரு துறைமுகத்தில் ஒதுங்க வெட்கப்படவேண்டாம்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.