வெள்ளோட்டம்

அண்ணன் மகள் இரண்டு வாரமாக "ஸ்க்ரிமேஜ், ஸ்க்ரிமேஜ்" என்றே பேசிக்கொண்டிருந்தாள். ரோபோ போட்டிக்கு முன்னால் நடக்கும் பயிற்சிப் போட்டி. கோப்பை கிடையாது, முதலிடம் கிடையாது.

"அப்படின்னா வெள்ளோட்டம்னு சொல்லு" என்றேன்.

"அப்படின்னா என்ன சித்தப்பா?"

பதில் சொல்வதற்குள் என் மனசு திருவாரூர் கீழ வீதிக்குப் போய்விட்டது.

தாத்தா தோளில் உட்கார்ந்து ஆழித்தேர் பார்த்தவன் நான். அலங்காரத்தோடு 96 அடி. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திய பிறகும் முட்டுக்கட்டை இல்லாமல் அந்தத் தேர் நகராது. இழுப்பதுதான் வடத்தின் வேலை; திருப்புவது முட்டுக்கட்டை. ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் அது தயங்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் முகம் திரும்பும். பேச்சில் முட்டுக்கட்டை போடுகிறவன் காரியத்தைக் கெடுப்பவன். தேரடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் சாரதி. "சாமியை அப்புறம் கும்பிடலாம், அந்தக் கையைப் பாரு" என்பார் தாத்தா.

புதுப்பித்த அந்தத் தேருக்கு 2015-ல் வெள்ளோட்டம் விட்டார்கள். தியாகராஜர் எழுந்தருளாத தேர். திருநாளில் எல்லோர் கண்ணும் மேலே இருக்கும். வெள்ளோட்டத்தில் அச்சிலும் சக்கரத்திலும் இருக்கும். வெள்ளோட்டம் என்று ஒன்றை வைத்ததே அதற்காகத்தான்.

பயிற்சிப் போட்டிக்கு அவளோடு போனேன். அவள் கலந்துகொள்ளும் போட்டி ஃபர்ஸ்ட் லெகோ லீக்; அதில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். மேசை ஏறக்குறைய எட்டடிக்கு நாலடி. ரிமோட் கிடையாது, ரோபோ தானாகவே ஓட வேண்டும். பள்ளியில் கறுப்புக் கோடு பிசகாமல் போன ரோபோ அன்று கோட்டைத் தாண்டி ஓரச் சட்டத்தில் முட்டி நின்றது. ஜன்னல் வெயில் மேசையில் பாதி வரை விழுந்திருந்தது. மேசை விரிப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்துதான் சென்சார் கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கிறது. டியூப்லைட்டில் எடுத்த அளவு வெயிலுக்குச் செல்லவில்லை.

மதியம் வேறொன்று. முழு வேகத்தில் இத்தனை நொடி என்று நிரலில் எழுதியிருந்த திருப்பம், சார்ஜ் இறங்க இறங்கக் குறைந்துகொண்டே வந்தது. நோட்டில் அழுத்தி எழுதினாள்: "நொடியை நம்பாதே. சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணு."

அவள் ரோபோ திரும்புவதும் தேர் திரும்புகிற மாதிரிதான்: ஒரு சக்கரம் தயங்க, மற்றது ஓடும்.

மாலையில் வேறு பள்ளிப் பெண் ஒருத்தி வந்து மேசையருகே குனிந்தாள். "அக்கா, டயர்ல தூசி. அதான் வழுக்குது." தன் கைக்குட்டையாலேயே துடைத்தும் கொடுத்தாள். அடுத்த மாதம் இருவரும் எதிரெதிர் அணி. அன்று இரண்டு தலைகளும் ஒரே சக்கரத்தின் மேல் குனிந்திருந்தன. தாத்தா பார்க்கச் சொன்ன கை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.