துணியில் ஏறாத பறை

துணியில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று யார் முடிவு செய்கிறார்கள்? காஞ்சிபுரம் பட்டில் அன்னம் இருக்கிறது, மயில் இருக்கிறது, மாங்காய் இருக்கிறது, ருத்திராட்சம் இருக்கிறது, கோபுரக் கரை இருக்கிறது. பறை இல்லை. ஏன் இல்லைன்னு கேட்டா, அது மரபு இல்லை என்பார்கள். யாருடைய மரபு?

நான் திருப்பூரில் துணிப் பிரிண்டிங்குக்கு டிசைன் போடுகிறவன். பறையை வைத்து ஒரு டிசைன் போட்டுக் காட்டினேன். பட்டறை முதலாளி ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "சாவு மோளத்த எவன்யா உடம்புல போட்டுக்குவான்? பூவப் போடு" என்றார். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது மேடையில் ஏறிய பறைக்குத் துணியில் இடமில்லை.

அந்த டிசைனைத்தான் எங்க காலனி மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் போதும். காசு கேட்காது.

ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சலில் ஒரு சதுரம். நடுவில் ஒரு பறை. ஓரத்தைத் தொடக் கூடாது. இதை அப்படியே அடுக்கினால் ஜன்னல் கம்பி மாதிரி நேர்நேராக நிற்கும். வரிசைகளுக்கு நடுவே வெற்றுப் பாதை ஓடும், கண் அதில்தான் போய் விழும். அதனால் படத்தை அகலத்தில் 500, உயரத்தில் 500 நகர்த்துகிறோம். இதற்கு ஆஃப்செட் என்று பெயர். வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கம் உள்ளே வரும். கீழே போனது மேலே வரும். நடுவிலிருந்த பறை நாலு துண்டாகி நாலு மூலைக்கும் போய்விடும். மூலைகள் நாலும் நடுவில் வந்து சேரும். காலியான அந்த நடுவில் இன்னொரு பறை. இனி எத்தனை முறை அடுக்கினாலும் மூலைத் துண்டுகள் ஒட்டி முழுப் பறையாகும். செங்கல் சுவர் மாதிரி, ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசையின் பறை உட்காரும். டபிள்யூ விசையைத் தட்டினால், வரையும்போதே சதுரம் நாலாபக்கமும் பரவித் தெரியும்.

சுழல் திரை எந்திரத்தில் அச்சடிக்க இன்னொரு கணக்கு உண்டு. பரவலாகப் புழங்கும் திரையின் சுற்றளவு 64 செ.மீ. சதுரத்தின் உயரம் அதில் மீதமில்லாமல் வகுபட வேண்டும்: 8, 16, 32. இல்லாவிட்டால் சுற்று முடிகிற இடத்தில் பறை வெட்டுப்படும்.

"மூலையில கெடந்ததெல்லாம் நடுவுக்கு வந்துருச்சேண்ணே" என்றாள் ஒரு பிள்ளை. ஊருக்கு மூலையில் வைக்கப்பட்ட தெருவில் உட்கார்ந்துதான் அவள் அதைச் சொன்னாள்.

முதலாளி சொன்னது எனக்குப் பெரிசில்லை. எங்கப்பா சொன்னதுதான் பெரிசு. "சாவுக்கு அடிக்க மாட்டோம்னு சொல்லி, அதுக்கு ஒதயும் வாங்கி, அந்தத் தோலக் கழட்டிப் போட்டவங்க நாங்க. நீ எதுக்குடா அத மறுபடி மேல மாட்டுற?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட முடியாது. பறையைக் கீழே வைத்ததும் விடுதலைக்காகத்தான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் அடித்தது கலை இல்லை, அடிமை வேலை. ஆனால் எங்கே, எப்போது, யாருக்காக என்பதை நாமே முடிவு செய்கிற பறை வேறு. அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். திரையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் சொன்னார்: "சட்டம்னா மூணு மரத்துண்டு. மூணு தகடு அடிச்சுச் சேக்கணும். தோல புளியங்கொட்டப் பசையில ஒட்டணும். வரையறதுன்னா ஒழுங்கா வரைங்க."

பிள்ளைகள் வரைந்த பறையில் இப்போது மூன்று தகடும் தெரிகிறது. அடுத்து களைக்கொத்தா, செருப்புத் தைக்கிற ஊசியா என்று அவர்களுக்குள் சண்டை. அப்பா மாதிரி வேண்டாம் என்று சொல்கிறவர்களும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். நம்முடைய எது துணியில் ஏற வேண்டும் என்பதை நாம் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். பூவப் போடு என்கிறவனிடம் கேட்டு இல்லை.