உருமால் என்ன நிறம்?

தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகும் சாலையில் சிம்பாங் அம்பாட்டைத் தாண்டிவிட்டால் செம்பனை, பிறகு தென்னை, மறுபடியும் செம்பனை. பேராக் தோட்டம் என்றாலே நமக்கு ரப்பர்தான் நினைவுக்கு வரும். இந்தக் கடலோரக் களிமண்ணில் தென்னைதான் ராஜா. தேங்காய் உரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார்கள். வார இறுதியில்தான் ஊருக்கு உயிர் வருகிறது.

நான் போனதும் ஒரு சனிக்கிழமையில்தான். ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்தவர்களின் குரலை வானொலிக்காகப் பதிவு செய்கிறேன். "என் பாட்டி இருக்காங்க, வா" என்று நண்பன் கூப்பிட்டான். பாட்டிக்கு வயது தொண்ணூறு.

முதல் நாள் இரவு, தயார் செய்துகொள்ளலாமென்று உட்கார்ந்தவன் தூங்கவே இல்லை. 'ஷேன்' படம் எடுத்த ஹாலிவுட் இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். ராணுவத்துக்கு எடுத்தது கருப்பு வெள்ளை. தனக்கென்று ஒரு சின்ன 16 மில்லிமீட்டர் கேமராவில் கோடாக்ரோம் வண்ணச் சுருளும் ஓட்டியிருக்கிறார். நார்மண்டிக் கடற்கரை, பாரிஸ், டாக்காவ் வதைமுகாம் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தச் சுருள்கள் பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1975இல் அவர் இறந்த பிறகு மகன் எடுத்துப் பார்த்தார். 1994இல் அது ஓர் ஆவணப்படமாக வந்தது.

பின்னாளில் சாயம் பூசிய படங்கள் அல்ல இவை. வானம் அன்றைக்கு இருந்த நீலம். கருப்பு வெள்ளையில் பார்க்கும்போது போர் என்பது யாரோ எப்போதோ செய்தது என்று தோன்றும். வண்ணத்தில் பார்த்தால் போன வாரம் நடந்ததுபோல் இருக்கிறது.

இத்தனை வருடம் எப்படி வெளுக்காமல் இருந்தது? கோடாக்ரோம் 1935இல் சந்தைக்கு வந்தது. அதன் சாயம் சுருளிலேயே இருக்காது, கழுவும்போதுதான் ஏற்றுவார்கள். இருட்டில் பத்திரமாக வைத்தால் பல பத்தாண்டுகள் அப்படியே நிற்கும். ஆனால் படம் எடுக்க நல்ல வெயில் வேண்டும், பணம் வேண்டும், கழுவுவதற்கு அதற்கான கூடம் வேண்டும். நம் ஊரில் வெயில் இருந்தது.

பாகான் டத்தோவுக்குப் போர் கடல் வழியாக வந்தது. 1942 ஜனவரித் தொடக்கத்தில், கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்தியிருந்தபோது, ஜப்பானியர் படகுகளில் வந்து ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் ஆன்சனிலும் இறங்கினார்கள். அந்தத் தெலுக் ஆன்சன்தான் இன்றைய தெலுக் இந்தான். பின்பக்கம் மடக்கப்படும் என்றானதும் கம்பார் படை பின்வாங்கியது. இன்று ஊத்தான் மெலிந்தாங் வழியே போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே போன மாதம்தான் தெரியும்.

பாட்டி ஒரு மைலோ டின்னை எடுத்து வந்தார். உள்ளே ஒரு வாழைமர நோட்டு: ஜப்பானியர் அச்சடித்த பத்து டாலர், பச்சை கலந்த நீலம். அதற்கடியில் அவருடைய அப்பாவின் புகைப்படம். இந்தியாவுக்கு அனுப்புவதற்காகச் சண்டைக்கு முன்னால் ஸ்டூடியோவில் எடுத்தது. தலையில் உருமால், கையில் ஒரு குடை.

நண்பன் உற்சாகமாகத் தன் போனை நீட்டினான். அந்தப் படத்துக்கு ஏதோ ஒரு செயலியில் வண்ணம் ஏற்றி வைத்திருந்தான். முகம் மாநிறம், உருமால் கருநீலம். அழகாகத்தான் இருந்தது.

பாட்டி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு?"

"உங்கப்பாதான் பாட்டி."

"எங்கப்பா உருமா நீலமில்லடா. செவப்பு."

"உங்களுக்கு அப்ப எத்தன வயசு பாட்டி? மறந்திருப்பீங்க."

"அத விரிச்சித்தான் என் தம்பியத் தூங்க வச்சோம். மறந்திருப்பேனா?"

பாட்டி சொன்னது சரியாகவே இருக்கலாம் என்று எனக்குப் பட்டது. அந்தக் காலக் கருப்பு வெள்ளை பிலிம் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. சிவப்புச் சேலை கட்டி நின்றால் படத்தில் கிட்டத்தட்ட கருப்பாக விழும். செயலி இருட்டைப் பார்த்தது, கருநீலம் என்று ஊகித்துவிட்டது. அதற்குத் தம்பியைத் தெரியாது.

1943இல் தோட்டத்துக்கு லாரி வந்தது. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஏற்றினார்கள். சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர். மலாயாத் தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் போனார்கள்; பெரும் பகுதியினர் திரும்பவில்லை. பாட்டியின் அப்பாவும் திரும்பவில்லை.

அந்தப் பாதையின் வண்ணச் சுருள் எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்த வண்ணமெல்லாம் ஓவியம்தான். ஜாக் சாக்கர் என்ற பிரிட்டிஷ் போர்க்கைதி கிடைத்த காகிதத்தில் ரகசியமாக வரைந்து, மூங்கில் குழாய்க்குள் ஒளித்துக் காப்பாற்றினார். காலில் அழுகிய புண்ணின் சிவப்பைக்கூடத் துல்லியமாகத் தீட்டியிருக்கிறார். அவர் வரைந்தது பெரும்பாலும் தன் சக கைதிகளை. நம் ஆட்கள் இருந்த முகாம்களிலோ பெரும்பாலும் மருத்துவர்கூடக் கிடையாது.

நண்பன் அதற்குள் உருமாலைச் சிவப்பாக மாற்றிக் காட்டினான்.

"இம்புட்டுப் பளிச்சின்னு இருக்காது. தொவைச்சித் தொவைச்சி வெளுத்த செவப்பு" என்றார் பாட்டி. அவன் இரண்டு முறை மாற்றினான். இரண்டுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டார்.

நான் ஒலிவாங்கியைக் கொஞ்சம் அருகில் நகர்த்தினேன். "லாரியில ஏறும்போது அப்பா என்ன நிறத்துல உடுத்தியிருந்தாங்க பாட்டி?"

"துணி ஏது தம்பி அப்ப? சாக்குதான் கட்டியிருந்தாரு. சாக்கு நெறம்."

அந்தப் பதிலுக்கு முன்னால் ஒன்பது விநாடி மௌனம் இருக்கிறது. வானொலியில் மூன்று விநாடி சத்தமில்லாமல் போனாலே எங்களுக்குப் பதறும். வெட்டாமல் அப்படியே ஒலிபரப்பினேன்.