வயிற்றைப் பார்த்துத் தீனி

கும்பிடுபூச்சி பாய்ந்து பிடிக்கிறதே, அதற்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து இரை போட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. பெண் பூச்சி விஷயத்தில் இது ஆபத்து. கடைசித் தோலை உரித்து இறக்கை வந்த பெண், வயிறு முட்டத் தின்ற பிறகும் எதிரே ஏதாவது அசைந்தால் பாயும். வேலியில் இருக்கும்போது அடுத்த வேளைக்கு உத்தரவாதம் இல்லை. கிடைத்ததை விடாமல் இருந்தால்தான் பிழைப்பு. டப்பாவுக்குள் தினமும் இரை வந்து விழும்போது அந்தக் குணமே எமனாகிறது.

நான் வளர்ப்பது ஹைரோடுலா மெம்பரனேசியா. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வாழும் பெரிய இனம் இது. ஐரோப்பாவிலும் ஆசையாக வளர்க்கிறார்கள். பெண் 8 சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். குஞ்சாக இருக்கும்வரை நன்றாகத் தின்னட்டும். வளர்ந்த பெண்ணுக்கு 2, 3 நாளுக்கு ஒருமுறை ஒரு பெரிய சுவர்க்கோழி போதும். ஆனால் நாள் கணக்கைவிட வயிறுதான் சரியான கணக்கு. பக்கவாட்டில் பார்க்க வேண்டும். வயிறு ஒட்டித் தட்டையாக இருந்தால் தீனி போடலாம். லேசாக உருண்டிருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கட்டுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தோல் இழுபட்டு வெளிறித் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். அந்தக் கனத்தோடு மேலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துவிடும். அதனால் தரையில் மெத்தென்று தேங்காய் நார்த்தூள் பரப்பி வைப்பேன். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது. அது எந்த மருந்தைத் தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

ஆண் சேராவிட்டாலும் பெண் முட்டைக்கூடு கட்டும். அது பொரிக்காது, அவ்வளவுதான். அதனால் வயிறு உப்புவது தீனியால் மட்டுமல்ல, முட்டையாலும் இருக்கலாம். தின்ற வீக்கம் சில நாள் பட்டினியில் வடிந்துவிடும். முட்டை வீக்கம் வடியாது. முட்டையிடும் நாள் நெருங்கினால் இரையைக் கண்டுகொள்ளாமல் மேலும் கீழும் நடக்கும், வயிற்று நுனியால் குச்சியைத் தடவிப் பார்க்கும். வழவழப்பான பிளாஸ்டிக் சுவர் மட்டும் இருந்தால் தோதான இடம் கிடைக்காமல் அலையும். முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் வயிறு உப்பியபடியே சோர்ந்துபோய், பல நேரம் செத்தும்விடும். அந்த நிலையில் வயிற்றை அமுக்கி உதவ நினைக்காதீர்கள், கிழிந்துவிடும்.

இடம் பிடித்துவிட்டால் பார்க்க வேண்டிய காட்சி அது. பெரும்பாலும் இரவில், தலைகீழாகத் தொங்கியபடி, வயிற்று நுனியை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி, கறந்த பாலின் நுரைபோல வெள்ளையாக ஒன்றைச் சுரந்து அதற்குள் வரிசையாக முட்டை வைக்கும். திரும்பிப் பார்ப்பதே இல்லை, எல்லாம் தடவலில்தான். முடிய மணிக்கணக்காகும். அப்போது டப்பாவைத் திறக்கக் கூடாது, விளக்கைப் போட்டு அணைக்கக் கூடாது. நுரை மெல்லப் பழுப்பாகி இறுகிவிடும்.

வேலை முடிந்த பெண் ஒட்டிய வயிற்றோடு நிற்கும். முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். துளித்துளியாக வாய் வைத்துக் குடிக்கும். மறுநாள் தீனி. அந்தச் சமயத்தில் மட்டும் நான் கணக்குப் பார்ப்பதில்லை. அடுத்த கூட்டுக்கான முட்டை அந்தத் தீனியிலிருந்துதான் உருவாக வேண்டும்.

பெண் பூச்சி வாங்கும் அன்றே, விரல் தடிமனில் சொரசொரப்பான குச்சி ஒன்றை டப்பாவில் சாய்த்து வைத்துவிடுங்கள்.