பெயர் ஒன்று, குணம் இரண்டு

குழந்தையின் உடம்பில் சின்னஞ் சிறு தடிப்பு ஒன்று தெரிந்தால் போதும். வீட்டிலுள்ள அத்தனை பேரும் வைத்தியர்களாகி விடுகிறோம். "எறும்பு கடித்திருக்கும்" என்பார் ஒருவர். "உஷ்ணக் கட்டி" என்பார் மற்றொருவர். "மச்சமடி, அதிர்ஷ்டம்!" என்பாள் பாட்டி. மூன்றும் இல்லாத நான்காவது ஒன்றும் உண்டு, சகோதரிகளே!

என் அக்காவின் கைக்குழந்தைக்கு முதுகில் பழுப்பும் மஞ்சளுமாக ஒரு தடிப்பு இருந்தது. குளிப்பாட்டித் துவட்டினால் சிவந்து வீங்கும், பிறகு அடங்கிவிடும். சரும டாக்டர் அதை விரலால் இலேசாகத் தேய்த்தார். ஐந்து நிமிஷத்துக்குள் கொப்புளம் போல் எழும்பியது. "இதற்கு டாரியர் அடையாளம் என்று பெயர். மாஸ்ட் செல் கட்டி இது. பயம் வேண்டாம், பையன் பெரியவனாவதற்குள் தானே மறைந்துவிடும்" என்றார். அக்காவுக்கு நிம்மதி.

அந்த நிம்மதி எட்டு மாதம்தான் நீடித்தது. அவர்கள் வீட்டு லாப்ரடார் டாமியின் தொடையில் ஒரு கட்டி கண்டது. மிருக வைத்தியர் மெல்லிய ஊசியால் சிறிது உறிஞ்சி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். "மாஸ்ட் செல் கட்டி. புற்றுநோய்தான், சீக்கிரம் அறுத்து எடுத்துவிட வேண்டும்" என்றார்.

அதே பெயர்! "நாயிடமிருந்துதான் குழந்தைக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கே அதை எங்கேயாவது அனுப்பிவிடு" என்றார் மாமியார். அக்காவின் கவலையோ வேறு. "அப்படியென்றால் என் குழந்தைக்கும் புற்றுநோயா?" என்று டெலிபோனில் அழுதாள்.

டாக்டர்களைக் கேட்டும் புத்தகங்களைப் புரட்டியும் நான் அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாஸ்ட் செல் என்பது நம் எல்லோர் உடம்பிலும் இருக்கும் உயிரணு. 1878-ல் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மாணவர் சாயமேற்றிப் பார்த்தபோது, அதனுள் துகள்கள் நிரம்பி வழிந்தன. தீனி தின்று கொழுத்தது என்ற பொருளில் பெயர் சூட்டினார். அந்தத் துகள்களில் ஹிஸ்டமின் இருக்கிறது. தேய்த்தால் அது வெளிப்பட்டு அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும். நாயின் கட்டி இன்று பெருத்து நாளை சிறுத்துக் கண்ணாமூச்சி காட்டுவதும் இதனால்தான்.

அணு ஒன்றானாலும் குணம் வேறு. குழந்தைகளுக்கு இத்தகைய கட்டி பெரும்பாலும் முதல் வயதுக்குள் தோன்றி, பருவம் எய்துமுன் மறைந்துவிடும். அது புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். சந்தேகம் நீடித்தால் மட்டும் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். நாய்களிடமோ, சருமப் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவதே இதுதான். பாக்ஸர், பக், லாப்ரடார் ஜாதிகளுக்கு அதிகம் வரும். கொழுப்புக் கட்டி போலவும் மரு போலவும் வேஷம் போடும். கண்ணும் விரலும் ஏமாந்து போகும். ஊசிமுனைதான் உண்மை சொல்லும். எவ்வளவு கொடியது என்பது அறுத்தெடுத்த கட்டியைச் சோதித்த பிறகே தெரியும்.

நாயிடமிருந்து குழந்தைக்கு இது தொற்றவே தொற்றாது. டாமி வீட்டை விட்டுப் போகவில்லை; சத்திர சிகிச்சைக்குத்தான் போய் வந்தது.

உங்கள் குழந்தைக்கு இப்படி ஒரு தடிப்பு இருந்தால், வீட்டில் தேய்த்துப் பரீட்சை செய்யாதீர்கள், டாக்டர் தேய்க்கட்டும். எந்த மருந்து எழுதும் டாக்டரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். சில வலி மருந்துகள் இதைக் கிளறிவிடும். உடம்பெல்லாம் சிவந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நாய்க்குப் புதுக் கட்டி கண்டால் பிசைந்து பார்க்காதீர்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளவும் தள்ளாதீர்கள். குழந்தை விஷயத்தில் பொறுமை நல்லது. வாயில்லாப் பிராணியின் விஷயத்திலோ அவசரம்தான் கருணை.