சன்னபட்டணத்து மரப்பொம்மைகள்

கர்நாடக மாநிலத்தில், பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சன்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. அரக்குப் பூசிய மரப்பொம்மைகளால் புகழ்பெற்ற ஊர் அது. திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை வரவழைத்து இத்தொழிலை வளர்த்தார் என்பது மரபுச் செய்தி. இப்பொம்மைகள் இன்று புவிசார் குறியீடும் பெற்றுள்ளன.

பொம்மைக்கு ஏற்றது வெட்பாலை மரம். அதன் கட்டை வெண்மையும் மென்மையும் உடையது. கைவினைஞர் அதனை நன்கு உலர்த்திக் கடைசல் பொறியில் பூட்டுவர். சுழலும் கட்டையில் உளியை ஊன்றிப் பம்பரமாகவும் கிலுகிலுப்பையாகவும் கடைந்தெடுப்பர். பின்னர் வண்ண அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துவர். உராய்வில் எழும் சூட்டால் அரக்கு உருகி மரத்தில் படியும். இறுதியில் தாழை மடலால் தேய்க்கப் பொம்மை பளபளக்கும். மஞ்சள், அவுரி முதலிய இயற்கைச் சாயங்களை அரக்கில் சேர்ப்பது, பொம்மையை வாயில் வைக்கும் குழந்தையை எண்ணியேயாகும்.

மலிவான நெகிழிப் பொம்மைகள் சந்தையில் பெருகியபோது இத்தொழில் தளர்ந்தது. இப்போது இணையம் புதியதொரு வாயிலைத் திறந்துள்ளது. சிறு பட்டறையில் கடைந்த பொம்மையைத் தொலைநாட்டுத் தாயும் படத்திற் கண்டு வாங்குகிறாள். படம் வடிவத்தைக் காட்டும், நிறத்தைக் காட்டும். மரம் நன்கு உலர்ந்ததா, விளிம்பு மழுங்கியதா, சாயம் நச்சற்றதா என்பவற்றைக் காட்டாது. உலராத மரமோ பின்னாளில் வெடிக்கும்.

கடைத்தெருவில் வாங்குவோர் தம் கையால் தடவிப் பார்ப்பர். இணைய வாணிகத்தில் அக்கையின் வேலையைக் கைவினைஞரின் மனச்சான்றே செய்தல் வேண்டும். தம் பொம்மையை ஏந்தப்போகும் குழந்தையை அவர் ஒருநாளும் காணமாட்டார். காணாத அக்குழந்தைக்காகவும் பழுதறக் கடைவதே தொழிலறம்.